மூன்றாவது நோய்

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வரியை அழித்துவிட வேண்டும் என்று சதீஸ் சேர் சொன்னார். நான் அழிக்கவில்லை. இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் லிங்க்ட்இன்னில் தேடிப் பாருங்கள். கஜனி கறுப்பையா, பன்வில. அதற்குக் கீழே: மருத்துவ உரைபெயர்ப்பாளர், தமிழ் - சிங்களம்.

சதீஸ் சேர் எங்கள் மெடிக்கல் சென்டரின் மேனேஜர். கண்டி டவுனுக்குள் மூன்று மாடி. கீழே பார்மசி, மேலே டொக்டர்மார் வந்துபோகும் அறைகள். நான் நான்கு வருடமாக அங்கே கவுண்டரில் இருக்கிறேன். நம்பர் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, போன் எடுப்பது. சம்பளச் சீட்டில் ரிசப்ஷனிஸ்ட் என்றுதான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது டொக்டர் அறையில் மணி அடிக்கும். அடித்தால் கவுண்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட வேண்டும். உள்ளே சிங்கள டொக்டர் ஒரு கதிரையில் இருப்பார். எதிர்க் கதிரையின் நுனியில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்பேன். எனக்கு அந்த அறையில் கதிரை கிடையாது. நான்கு வருடமாக நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன்.

டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது பெரிய வேலை இல்லை, அதை யாரும் செய்வார்கள். எங்கள் ஆட்கள் சொல்வதைக் கேட்பதுதான் வேலை. என்ன வருத்தம் என்று டொக்டர் கேட்டால் முதலில் கை கால் உளைச்சல் என்பார்கள். அது சும்மா. மலையில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் உள்ளது, சொல்வதற்கு வெட்கமில்லாதது. இரண்டாவதாகத் தலைச்சுற்று என்பார்கள், பசி இல்லை என்பார்கள். அதுவும் பாதிதான். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தீர்கள் என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, அவசரப்படாமல் நின்றால் மூன்றாவதாக ஒன்று வரும். கதவைப் பார்த்துக்கொண்டே சின்னக் குரலில் வரும். அதுதான் நோய். அதற்காகத்தான் அந்த அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. அந்த அறைக்குள் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. ஒரு தடவை வாய் தவறினால் போதும், அது லயத்து வீடுகள் முழுக்கப் போய்விடும், அடுத்து வருகிறவர் கை கால் உளைச்சலோடு நிறுத்திக்கொள்வார். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை அம்னாதான் எனக்குச் சொன்னாள். அம்னா கட்டுகஸ்தோட்டைக்காரி, எங்கள் பார்மசியில் வேலை. கொழும்பில் ஒரு நிறுவனம் ஆள் எடுக்கிறது என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆஸ்பத்திரிகளில் டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் போனிலேயே பேசுகிற வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு வருட அனுபவம் வேண்டும். லிங்க்ட்இன் பக்கம் வேண்டும். நாம் இந்த வேலை செய்கிறோம் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும், வேலையிடத்தின் கடிதமும் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"நீ சும்மா ஓடி ஓடிச் செய்ற வேலைக்கி அங்க சம்பளம் ஈக்கிது, பாருடி," என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு வருடமாக இதை ஒரு உதவி என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்மசிச் சுவரோடு சாய்ந்து நின்று அம்னா எடுத்த படத்தையே போட்டுப் பக்கத்தைத் திறந்தோம்.

பிறகுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். பக்கத்தைத் திறந்தால் ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்று அதில் வந்தது. எங்கள் லயத்தில் ஒரு விசேஷம் என்றால் ஒரு வீட்டுக்குச் சொல்லி ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் விட முடியாது. விட்டால் அந்த வீட்டுக்காரர்கள் மூன்று வருடத்துக்கு முகம் பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், நான் வேலைக்காக ஒரு பக்கம் திறந்திருக்கிறேன், எல்லோரும் வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்று தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். அழைத்தால் வராமல் இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அறுபத்து மூன்று பேர் லிங்க்ட்இன்னில் கணக்குத் திறந்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு முகம் இல்லை, முருகன் இருக்கிறார், மாரியம்மன் இருக்கிறார். எங்கள் அப்பா கறுப்பையா தன் தொழிலைத் தேயிலைக் கவ்வாத்து என்று போட்டிருந்தார். அவர் செடி வெட்டும் கத்தியைக் கீழே வைத்து ஆறு வருடம் ஆகிறது. என் படத்துக்குக் கீழே பூவும் கும்பிட்ட கையுமாக வாழ்த்து குவிந்திருந்தது. அம்னாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது.

சதீஸ் சேர் சிரிக்கவில்லை. புதன்கிழமை காலையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு லிங்க்ட்இன்னில் இரண்டாயிரத்துக்கு மேல் ஆட்கள், எல்லோரும் டை கட்டியவர்கள். என் பக்கம் கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்றார். சென்டரின் பெயரை அதில் போட்டு மானத்தை வாங்குகிறேன் என்றார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நின்றேன். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"நீ ரிசப்ஷனிஸ்ட். அதைப் போடு. இந்த உரைபெயர்ப்பாளரை எடுத்திரு. எடுக்காட்டி கடிதம் எதிர்பார்க்காத."

"அப்ப உள்ள போய் நான் செய்றது என்ன வேலைங்க சேர்?"

அது சும்மா ஒரு உதவி என்றார் அவரும்.  அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை ஒரு சிங்கள மேனேஜர் சொல்லியிருந்தால் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டிருப்பேன். சதீஸ் சேர் ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டத்தில், லயத்தில் பிறந்தவர். தன் பக்கத்தில் ஊரைக் கண்டி என்று போட்டிருக்கிறார். சென்டரில் யாரோடும் சிங்களமும் இங்கிலீசும்தான். தமிழ் நோயாளி வந்தால் பார்வையை போனுக்குள் கொண்டுபோய்விடுவார். அவர் எந்த ஊர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய அம்மா சொல்லித்தான்.

ஆமாம். அவர் லீவில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மா வந்தார்கள். பெயர் மூக்காயி. நம்பர் எடுத்துவிட்டு, மேனேஜர் தம்பி இன்றைக்கு இல்லைதானே என்று இரண்டு தடவை கேட்டார்கள். மகனுக்குத் தலைகுனிவாகிவிடுமாம். உள்ளே நான்தான் பேசினேன். முதலாவது வந்தது, இரண்டாவது வந்தது, பொறுத்து நின்றதும் மூன்றாவது வந்தது. அது என்ன என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். வந்ததை மகனிடம் சொல்லிவிடாதே பிள்ளை என்று என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

ஆகவே புதன்கிழமை அந்த அறையில் நிற்கும்போது அவரை அடிக்க என் கையில் ஒரு தடி இருந்தது. "சும்மா உதவி"யா, உங்கள் அம்மாவிடம் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் மனிதர் சுருண்டிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லிவிட்டால் நான் போட்டுக்கொண்ட பெயருக்கு நானே தகுதி இல்லாதவள் ஆகிவிடுவேன்.

ஆனால் கோபம் போகவில்லை. பதினொரு மணிக்கு டொக்டர் அறையில் மணி அடித்தது. நான் எழும்பவில்லை. மறுபடி அடித்தது. சதீஸ் சேர் வந்து பார்த்தார். நான் ரிசப்ஷனிஸ்ட் சேர், உள்ளே தமிழ் பேச ஆள் வேண்டுமாம், நீங்களே போங்கள் என்றேன். டொக்டரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததால் அவருக்கு வேறு வழி இல்லாமல் போனது. உள்ளே போனார். நாலு நிமிடத்தில் வெளியே வந்தார்.

பிறகு உள்ளே இருந்த தோட்டத்து அம்மா வந்தார். முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதிய துண்டைப் பிடித்துக்கொண்டு பார்மசிப் பக்கம் நடந்தார். துண்டு ஒரு கையில், மறு கை சேலை முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு ஆம்பளை, அதுவும் டை கட்டி, தலையைத் தூக்காமல் கேட்டால், முதலாவதோடு நிறுத்தாமல் அவர் வேறு என்ன சொல்வார்? சதீஸ் சேருக்கு நல்ல பாடம் என்று நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த முழங்கால் மாத்திரையோடு அவரை பஸ் ஏற விட்டிருந்தால் நான் மனுசியே இல்லை.

எழும்பிப் போனேன். பார்மசி வாசல் வாங்கில் அவரை இருத்தி, பக்கத்தில் உட்கார்ந்து எந்தத் தோட்டம் என்று கேட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மூன்றாவது வந்தது. கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அதையும் இங்கே எழுத மாட்டேன். டொக்டர் அந்தத் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, இன்றைக்கே போகச் சொன்னார் என்பது மட்டும் போதும்.

டொக்டர் நல்ல மனிதர்தான். இனிமேல் வேறு யாரையும் உள்ளே அனுப்ப வேண்டாம், நீயே வா என்று சிங்களத்தில் சொன்னார். அதை ஒரு கடதாசியில் எழுதித் தாருங்கள் என்றேன். தான் இங்கே வந்துபோகிறவர் மட்டும்தானே, மேனேஜரிடம் வாங்கிக்கொள் என்று அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் நழுவிவிடுகிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது சதீஸ் சேர் லிங்க்ட்இன்னில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கோட் போட்ட படம். எங்கள் சென்டரில் மும்மொழிச் சேவை, எந்த நோயாளியும் தன் மொழியில் பேசலாம், இது நான் உருவாக்கிய முறை என்று இங்கிலீசில் எழுதியிருந்தார். முந்நூறு பேர் கை தட்டியிருந்தார்கள். அவர் உருவாக்கிய முறை பன்வில பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அதைப் படித்தது.

அங்கேயே ஒற்றைக் கையால் அதன் லிங்கைத் தோட்டத்துக் குரூப்பில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "இது எங்க மேனேஜர் எழுதினது. சென்டர்ல நீங்க தமிழ்ல பேசலாமாம். உங்களுக்காக உள்ள வந்து பேசினது யாருன்னு லிங்க்ட்இன்ல அவர் எழுதினதுக்குக் கீழ எழுதுங்க. ஆனா என்ன வருத்தம்னு ஒருத்தரும் எழுதக் கூடாது. எழுதினா நானே வந்து சண்டை பிடிப்பேன்."

இதனால் வேலை போகலாம் என்று தெரியும். கொழும்பு வேலையும் கிடைக்காமல், இருக்கிறதும் போனால் வீட்டில் என்ன சொல்வேன் என்றும் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறும்போது பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். "வணக்கம். நான் பன்வில. எனக்குப் பேசினது கஜனிப் பிள்ளை." அவ்வளவுதான். அடுத்தவரும் அதையே எழுதியிருந்தார், அதற்கு அடுத்தவரும். மொய் எழுத வந்தவர்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்திருந்தார்கள். பஸ் வத்தேகமவுக்கு வந்தபோது பதினெட்டு. ஒரு பெரியவர் மட்டும் தன் வருத்தத்தை விலாவாரியாக எழுதிவிட்டார். அவருடைய மகளுக்கு போன் எடுத்து அதை அழிக்க வைத்தேன். இருந்ததிலேயே நல்ல சாட்சி அதுதான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது முப்பத்திரண்டு. எங்கள் அப்பா முருகன் படத்தோடு வந்து, "என் மகள் என்பதால் சொல்லவில்லை, எனக்கும் இவள்தான் பேசினாள்" என்று எழுத்துத் தமிழில் போட்டிருந்தார்.

பாலத்தருகே ஏறிய அம்னா வந்த வேகத்தில் என் தோளைப் பிடித்தாள்.

"சேர் அதை அழிக்கேலாம தவிக்கிறார்டி. மொதலாளி லண்டன்லேந்து பாத்துட்டு, யார் இந்த கஜனின்னு கேட்டு எழுதி ஈக்கிறார்."

பார்த்தேன், உண்மைதான். சென்டரின் முதலாளியே கேட்ட கேள்வியோடு சேர்த்து எப்படி அழிப்பார்? ஆனால் என் கண் அதற்குக் கீழே இருந்த புதிய எழுத்தில் நின்றுவிட்டது. எங்கள் தோட்டத்தில் பெண் எடுத்தவர்கள் ஹேவாஹெட்டப் பக்கம் நிறையப் பேர். யாரோ அந்தப் பக்கத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். செவ்வரத்தம்பூ படம் போட்ட ஒரு கணக்கு. பெயர் மூக்காயி.

"நான் ஹேவாஹெட்ட. எனக்கும் இந்தப் பிள்ளைதான் பேசுனா. படத்துல இருக்கறது என் மகன். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது பிடித்து, சொல்லிச் சொல்லி எழுத வைத்திருப்பார்கள். மகனுடைய படத்தைப் பார்த்த சந்தோஷத்தில், ஒளிந்து வந்துபோனதை மறந்துவிட்டார்கள். அல்லது மறக்கவில்லையோ என்னவோ. 

வெள்ளிக்கிழமை ராத்திரி, கடிதத்துக்குப் பதிலாக சேர் எழுதியதன் லிங்கை வைத்து விண்ணப்பத்தை அனுப்பினேன். கொழும்பிலிருந்து திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். பேசிய பெண் கடிதம் எங்கே என்று கேட்கவில்லை. உங்களுக்காக ஐம்பத்தொரு பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவர்கூடத் தன் நோயைச் சொல்லவில்லை, எப்படி என்று கேட்டார். நான்தான் சொல்லக் கூடாது என்றேன் என்று சொன்னேன். முதலாம் திகதியிலிருந்து வேலை. ஆனால் அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. பையில் அம்மா கட்டித்தந்த சோறும், வேலை போனால் போகட்டும் என்ற நினைப்பும்தான் இருந்தன.

எட்டரைக்கு சதீஸ் சேர் கவுண்டருக்கு வந்தார். நான் எழும்பி நின்றேன், திட்டினால் திருப்பிச் சொல்ல நாலு வார்த்தையை பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. போனைக் கவுண்டரில் வைத்தார். அதில் செவ்வரத்தம்பூ இருந்தது. வாங்கில் நோயாளிகள் இருக்க, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தோட்டத்துத் தமிழில் பேசினார்.

"எங்கம்மாவுக்கு என்ன, கஜனி?"



"சொல்ல முடியாதுங்க சேர்."

"நான் மகன்."

"தெரியும். உள்ள கேட்டதை வெளிய சொல்றதில்ல. அதுதான் என் வேலை."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிடம், சொல்லிவிடலாமே, மகன்தானே என்று மனம் இளகியது. என் கையைப் பிடித்துக் கேட்டது அவருடைய அம்மா, அவர் இல்லை.

"வீட்டுக்குப் போங்க சேர்," என்றேன். "பக்கத்துல உக்காந்து அவங்ககிட்டயே கேளுங்க. கை கால் உளைச்சல்னு சொல்லுவாங்க. எழும்பிடாதீங்க. அப்புறம் தலைச்சுத்துன்னு சொல்லுவாங்க. அப்பவும் எழும்பிடாதீங்க."

 போனை எடுத்துக்கொண்டு, கழுத்து டையைத் தளர்த்தியபடி வாசலால் வெளியே போனார். கண்ணாடிக்கு வெளியே அவர் ரோட்டைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் அறையில் மணி அடித்தது. போகும்போது வரிசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், டொக்டருக்கும் எதிரே இருந்த அம்மாவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.